ஒரு பருவத்துக்கு மட்டும்

தோட்டம்,
ஏப்ரல் 11

அண்ணா,

போனில் எனக்கு வாய் வராது. அம்மா போனை என் காதில் வைப்பாள். நீ "சாப்பிட்டியா" என்பாய், நான் "ம்" என்பேன், அதோடு முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பாதே.

அப்பாவைப் பற்றி நீ எழுதிக் கொடுத்த பக்கத்தை நேற்று சங்கச் செயலாளர் எடுத்து வந்து படித்துக் காட்டினார். அடுத்த மாதம் பழ விவசாயிகள் சங்கக் கூடத்தில் அப்பாவுக்கு நினைவுக் கூட்டம். அங்கே இதைத்தான் படிக்கப்போகிறார்களாம். கேட்டு அம்மா அழுதாள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் கொட்டகைக்குப் போய் ஒரு காலிப் பெட்டியை எட்டி உதைத்தேன். பெருவிரல் வீங்கியிருக்கிறது. அதற்கும் நீதான் காரணம்.

"மரங்களைத் தம் பிள்ளைகளைப் போலப் போர்த்திக் காத்தார்" என்று எழுதியிருக்கிறாய். எதை வைத்துப் போர்த்தினார்? நம் போர்வையை வைத்து. கடும் பனி இறங்கிய அந்த விடியலில் நம் மேல் கிடந்ததை உருவிக்கொண்டு போய் மாதுளைக் கன்றுகளுக்குப் போட்டார். உனக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. என் உள்ளங்கால் இரண்டையும் எடுத்து உன் வயிற்றில் வைத்துக்கொண்டாய். மறந்துவிட்டாயா? பிள்ளைகளைப் போல இல்லை அண்ணா. பிள்ளைகளுக்குப் பதிலாக.

"பருவத்தின் முதல் பழத்தை எங்களுக்கே தருவார்." எந்த வீட்டில்? நம் வீட்டில் வெடித்த பழம்தான் தின்றோம். அணில் கடித்தது, பறவை கொத்தியது, வெயிலில் ஒரு பக்கம் கருகியது. மாதுளை என்றாலே பிளந்துதான் இருக்கும் என்று சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தவள் நான். நல்ல பழம் எல்லாம் பெட்டிக்கு.

"தாம் நட்ட மரங்களின் நடுவே அமைதியாகக் கண்மூடினார்." நீ பார்த்தாயா? நான் பார்த்தேன். லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போலாம், எழுந்திரிங்க" என்று அம்மா கையைப் பிடித்து இழுக்கிறாள். "ஏத்தி முடிச்சிட்டு வரேன், சும்மா இரு" என்கிறார். அந்த நேரம் பார்த்து லாரிக்காரர் ஒரு பெட்டியை உள்ளே வீசினார். அப்பா எழுந்தே விட்டார். "யோவ், அது பழம்யா, செங்கல் இல்ல! உன் பிள்ளையையும் இப்படித்தான் வீசுவியா?" அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. சண்டை போட்டுக்கொண்டே போனார்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். செத்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை என்று இருந்துவிடலாம். ஆனால் கடைசி வரி? "அவருடைய மகள் பள்ளியைத் துறந்து, தானே விரும்பி அவர் பக்கம் நின்றாள். அவர் விட்ட இடத்திலிருந்து தோட்டத்தை அவளே காப்பாள்."

யாரைக் கேட்டு எழுதினாய்?

அத்தனை பேர் முன்னால் அதைப் படித்துவிட்டால், பிறகு அது நான் கொடுத்த வாக்கு ஆகிவிடும். நாளைக்கு நான் ஒரு பேருந்தில் ஏறினாலும் "அப்பா தோட்டத்தை விட்டுட்டுப் போறா பாரு" என்பார்கள். அந்த வரியை எடு. நீ எழுதியது, நீதான் எடுக்க வேண்டும்.

தங்கை


நகரம்,
ஏப்ரல் 19

பாப்பா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. பக்கத்து மேசைக்காரர் "வீட்ல ஏதாவது விசேஷமா, முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நினைவுக் கூட்டத்துக்கு வேறு என்ன எழுதச் சொல்கிறாய்? "லாரிக்காரரைத் திட்டிக்கொண்டே செத்தார், பிள்ளைகள் போர்வையைப் பிடுங்கினார்" என்றா? மேடையில் நிற்பவர் அதை எப்படிப் படிப்பார்? பாறையாகக் கிடந்த நிலத்தை உடைத்து, ஏரி வண்டலைக் கூடையில் சுமந்து வந்து குழி நிரப்பி, அதில் மாதுளை எழுப்பிக் காட்டியவர் அவர். மேல் அடுக்கில் பெரியது, அடியில் பொடி என்று ஒரு பெட்டிகூட அவர் கட்டியதில்லை. மண்டி வியாபாரிகள் அவர் பெட்டியைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். அதையும்தான் எழுதியிருக்கிறேன். அது உன் கண்ணில் படவில்லை. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். நீ சுற்றத்தையே குற்றமாகப் பார்க்கிறாய்.

கடைசி வரிக்கு வருகிறேன். நீ விரும்பவில்லை என்று எப்போது சொன்னாய்? விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் பார்த்தேன். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பின்னாலேயே போவாய். முற்றிவிட்டதா என்று பழத்தைச் சுண்டி, காதைச் சாய்த்து, "இது ஆச்சு, இது ஆகல" என்பாய். அப்பா தலையாட்டுவார். விருப்பம் இல்லாதவள் அப்படியா இருப்பாள்? ஒரு நாள், ஒரு வார்த்தை, வாயைத் திறந்திருக்கிறாயா? ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துவிட்டு, இப்போது கேட்கவில்லையே என்றால் எப்படி?

பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. ஒரு வரிக்காகச் செயலாளரை அலைக்கழிக்க முடியாது. கூட்டத்துக்கு என்னால் வரவும் முடியாது. ஒரு கட்டடத்தின் வரைபடத்தை அதே வாரம் முடித்துக் கொடுக்க வேண்டும். அம்மாவை அழைத்துக்கொண்டு போய் முன் வரிசையில் உட்கார்.

அண்ணா


தோட்டம்,
ஏப்ரல் 25

அண்ணா,

முதலில், பாப்பா என்று எழுதாதே.

எப்போது சொன்னாய் என்று கேட்டாய். சொன்னேன். நீ விடுதியில் இருந்தாய், அதனால் உனக்குக் கேட்கவில்லை.

புழு விழுந்த வருடம். ஒட்டிக்கொண்டிருக்கும் இணைக்காய்க்கு நடுவில் முட்டை வைத்துத் துளைத்துக்கொண்டு போன புழு. அப்பா ஒவ்வொரு காய்க்கும் காகித உறை மாட்ட முடிவு செய்தார். முள்ளுக்குள் அவர் கை நுழையவில்லை. அம்மாவுக்கு இடுப்பு பிடித்திருந்தது. என் கை சின்னக் கை. "ஒரு பருவத்துக்கு மட்டும்" என்றார். "அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துக்கலாம், பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிடாது." நான் "பரீட்சை இருக்குப்பா" என்றேன். சத்தம் வரவில்லைதான். ஆனால் சொன்னேன். அவர் உறை இருந்த பையை என் இடுப்பில் கட்டினார்.

வகுப்பு டீச்சர் வீடு தேடி வந்தார். அப்பா அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றுக்கும் "ஆமாங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்று சொல்லி, போகும்போது ஒரு பை நிறையப் பழம் கொடுத்தார். முழுப் பழம். வெடிக்காதது. கேட் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, "நல்ல பொம்பள. சரி, கிழக்கு வரிசைல உறை பத்தலை, எடுத்துட்டு வா" என்றார்.

அடுத்த பருவம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு முறை "இந்த ஒரு பருவம்" என்பார், அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

காய்ப் பாரத்தில் கிளை பிளக்காமல் இருக்கத் துணி கட்டுவோமே, அதில் நீலத் துண்டுகளை நீ பார்த்திருப்பாய். அது என் பள்ளிப் பாவாடை. ஒரு நாள் காலையில் தோட்டத்துக்குப் போனால், மரத்துக்கு மரம் என் பாவாடை தொங்குகிறது. அதில் ஒன்று பட்டைக்குள் போய்விட்டது. மரம் பருத்து, துணியை விழுங்கிவிட்டது. நுனி மட்டும் வெளியே தெரிகிறது. பிடித்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

காய் கிள்ளும்போது அப்பா என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும். "ஒரு காம்புல ரெண்டு இருந்தா ரெண்டும் உருப்படாது. ஒண்ணக் கிள்ளு, ஒண்ணு பெருக்கும்." நம் காம்பில் இரண்டு இருந்தோம். நீ பெருத்தாய். கிள்ளியது யாரை என்று உன் பக்கத்தில் எழுதவில்லை.

கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அச்சானால் என்ன, பேனாவால் அடிக்கலாம்.

தங்கை


நகரம்,
மே 3

தங்கைக்கு,

நீ ஆரம்பித்தாய், அதனால் நானும் சொல்கிறேன்.

நான் விடுதிக்கு ஏன் போனேன் என்று யாராவது உனக்குச் சொன்னார்களா? படிப்புக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். கவாத்து நடந்துகொண்டிருந்தது. அப்பா தண்ணீர் திருப்பப் போயிருந்தார். நாமும் வெட்டிக் காட்டுவோமே என்று ரம்பத்தை எடுத்தேன். வெட்ட வேண்டிய கிளையை விட்டுவிட்டுத் தாய்க் கிளையை அறுத்துவிட்டேன். அப்பா வந்தார். அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. வெட்டிய இடத்தில் ஈர மண்ணைக் குழைத்து அப்பினார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "உன் கையப் பாத்தா மரம் பயப்படுது. நீ போய்ப் படி தொரை."

அடுத்த பள்ளி ஆண்டு பிறந்ததும் பெட்டி கட்டிவிட்டார்கள். நான் கேட்டா போனேன்? எனக்குத் தோட்டம்தான் வேண்டும் என்று அம்மாவிடம் அழுதேன். விடுமுறைக்கு வந்தால் என்னைத் தின்பண்டம் கொடுத்து உட்கார வைப்பார்கள், விருந்தாளி மாதிரி. நான் கிளை வெட்டும் கத்தரியைத் தொட்டால் அப்பா மெதுவாகக் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். நீ அவருக்குப் பின்னால் பையைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். பட்டம் வாங்கிய அன்று யார் வந்தார்கள்? "பூ எடுக்குற நேரம்ப்பா, வர முடியாது" என்றார்.

கிள்ளிய காய் எங்கே விழும்? மரத்துக்கு வெளியே. மரத்தில் இருந்தவள் நீ. வெளியே விழுந்தவன் நான். கிள்ளிப் போட்டது என்னைத்தான். நமக்கு இருப்பது ஒரே வலி. அதை வைத்துக்கொண்டு நீ என்னோடு ஏன் மல்லுக்கு நிற்கிறாய்?

அண்ணா


தோட்டம்,
மே 17

அண்ணா,

உன் கடிதம் கூட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது. உடனே பதில் எழுதினால் கண்டதையும் எழுதிவிடுவேன் என்று வைத்திருந்தேன். இப்போதும் கண்டதைத்தான் எழுதப் போகிறேன்.

ஒரே வலி என்று சொல்லித் தராசை நேர் பண்ணப் பார்க்காதே. கிள்ளிய பிஞ்சு கீழே விழுந்து எறும்பு மொய்க்கும். அதற்குப் படிப்பு வராது, வேலை வராது, மேசை வராது. நீ கிள்ளிய காய் இல்லை. நீ பறித்த பழம். சுண்டிப் பார்த்து, காம்பு விட்டு, துடைத்து, காகிதம் சுற்றி அனுப்பிய பழம். மேல் அடுக்கு. உன்னை விருந்தாளியாக வைத்தது உனக்குக் கசந்தது என்கிறாய், சரி, நம்புகிறேன். உனக்குக் கொடுத்த தின்பண்டத்தை நான்தான் தட்டில் வைத்தேன். நீயும் ஒன்று எடுத்துக்கொள் என்று என்னிடம் நீ சொல்லவில்லை.

இனி கூட்டத்தைப் பற்றி. செயலாளர் உன்னிடம் போனில் சொல்லியிருப்பார். அவர் சொன்னதைவிட நடந்தது சின்னது.

கூடம் நிறைய ஆள். அப்பாவின் படம் மேசையில். அப்பா இடுப்பில் எப்போதும் தொங்கும் கத்தரியை அம்மா எடுத்து வந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். "கத்தரிக்காரர் மாதிரி ஒருத்தர் இனிமே வரப்போறதில்ல" என்றார்கள். பழப்பெட்டி செய்யும் தச்சர் எழுந்தார். "மனுஷன் நல்ல மனுஷன்தான். ஆனா என் பெட்டில ஒரு ஆணி நீட்டிட்டு இருந்தா ஊருக்கே கேக்குற மாதிரி திட்டுவாரு. என் பழத்த குத்திட்டியேடா பாவின்னு. என் கால்ல ஆணி குத்துனப்ப ஒரு வார்த்தை கேக்கல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று பேசியதிலே அதுதான் அப்பா.

பிறகு செயலாளர் உன் பக்கத்தைப் படித்தார். போர்வை வந்தது, போனது. முதல் பழம் வந்தது, போனது. அமைதியாகக் கண்மூடினார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். "அவருடைய மகள் பள்ளியைத் துறந்து, தானே விரும்பி..."

"இல்ல" என்றேன்.

நான்தான் சொன்னேன் என்று எனக்கே உடனே தெரியவில்லை. செயலாளர் நிறுத்திவிட்டார். "என்னம்மா?" என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. என் காது இரண்டும் சுட்டது. எழுந்து நிற்கக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே சொன்னேன்: "நான் விரும்பல. நிறுத்தினாங்க. தோட்டத்த பாத்துக்கிறேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல."

அவ்வளவுதான். பின்வரிசையில் ஒருவர் "செத்தவர் முன்னாடி பேசுற பேச்சா இது" என்றார். தச்சர் அவரைப் பார்த்து "செத்தவர்தான் பேசாம இருக்காரு, நீயும் இரேன்" என்றார். செயலாளர் அந்த வரியை விட்டுவிட்டு நன்றி என்று சொல்லி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராகச் சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "உன் பாவாடையக் கிழிச்சது உங்கப்பா இல்ல. நான்தான். துணி வேணும்னு உக்காந்து அத மடியில வச்சுட்டு இருந்தாரு. கிழிக்க அவருக்குக் கை வரல. நான் வாங்கிக் கிழிச்சேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கை வரலன்னா மடிச்சு உள்ள வச்சிருக்கலாமே."

அம்மா அழவில்லை. "வச்சிருக்கலாம்" என்றாள்.

அப்பாவுக்குக் கை வரவில்லை என்று தெரிந்த பிறகு எனக்குக் கோபம் குறையும் என்று நீ நினைப்பாய். கூடிவிட்டது. தப்பு என்று தெரியாமல் செய்தார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தங்கை


நகரம்,
மே 26

தங்கைக்கு,

செயலாளர் போன் செய்தார். "தம்பி, உங்க தங்கச்சி கூட்டத்துல..." என்று இழுத்தார். எனக்கு மானம் போனது மாதிரி இருந்தது. உன்னை நாலு வார்த்தை கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். பிறகு உன் கடிதம் வந்தது. என் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. "பறித்த பழம்" என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அது எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. ஒரு வாரமாக வரைபடத்தில் கோடு நேராக விழவில்லை.

பேசிப் பயனில்லை. இப்படிச் செய்வோம். அலுவலகத்தில் சம்பளமில்லாத விடுப்புக் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார்கள். ஜூனில் வருகிறேன். இந்தப் பருவம் தோட்டத்தை நான் பார்க்கிறேன். நீ சித்தி வீட்டுக்குப் போ. அவளிடம் பேசிவிட்டேன். தையல் கடைக்கு மேலே இருக்கும் அறையை ஒழித்துத் தருகிறாளாம். பக்கத்துத் தெருவில் தனித்தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். பத்தாம் வகுப்பை எழுதிவிடு. பிறகு தோட்டத்துக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். இனி அதைப் பற்றி நான் யாருக்கும் ஒரு வரி எழுத மாட்டேன்.

ஒரு பருவம்தானே. சமாளித்துக்கொள்கிறேன்.

அண்ணா


தோட்டம்,
ஜூன் 2

அண்ணா,

ஒரு பருவம்தானே என்று எனக்கும் சொன்னார்கள். பார்த்துக்கொள்.

நீ வரும் அன்று காலையிலேயே நான் கிளம்பிவிடுவேன். உன்னைப் பார்த்தால் மறுபடி வாய் அடைத்துப் போகும், நீயும் "சாப்பிட்டியா" என்பாய், நான் இருந்துவிடுவேன். அதனால் எழுதியே வைக்கிறேன். அம்மாவை ஏணி ஏற விடாதே. மண்ணைக் காயவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ச்சாதே, பழம் வெடிக்கும், வெடித்ததை நீதான் தின்ன வேண்டும். பிஞ்சு நெல்லிக்காய் அளவு வந்ததும் கிள்ள ஆரம்பி. இரண்டு ஒட்டி இருந்தால் ஒன்று போக வேண்டும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அப்பாவின் கத்தரி ஆணியில் தொங்குகிறது. உன் கையிலிருந்து அதை வாங்க இப்போது ஆள் இல்லை. எடுத்துக்கொள். விரலை மட்டும் வெட்டிக்கொள்ளாதே. துரை விரல்.

தங்கை


தோட்டம்,
செப்டம்பர் 14

தங்கைக்கு,

முதலில், போன கடிதத்தில் நீ கேட்ட கணக்குச் சந்தேகத்துக்குப் பதில். தாளின் பின்பக்கத்தில் கணக்கைப் படிப்படியாகப் போட்டிருக்கிறேன். நீ சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் கழித்துவிட்டு மறுபக்கத்தை மறந்துவிடுகிறாய். எங்கே கழித்தாலும் இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும். அதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும்.

இனி நீ திட்டப்போவதைச் சொல்கிறேன்.

முதல் வரிசையில் நீ சொன்னபடி கிள்ளினேன். விரலெல்லாம் கறுப்பு, சோப்புக்கும் போகவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு காம்பில் இரண்டு பிஞ்சு, ஒரே அளவு, கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு இருந்தன. எதைக் கிள்ளுவது? உன் கடிதம் நினைவுக்கு வந்தது. என்னுடையதும் வந்தது. கை வரவில்லை. அம்மா "கிள்ளுடா" என்றாள். "இருக்கட்டும்மா, ரெண்டும் இருக்கட்டும்" என்றேன். அங்கிருந்து கடைசி வரிசை வரைக்கும் எல்லா இணைக்காயையும் விட்டுவிட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்று வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

முதல் வரிசை பார்க்க அழகாக இருக்கிறது. மற்ற வரிசைகளில் காய் எலுமிச்சையைத் தாண்டவில்லை. ஒட்டியிருந்த இடத்தில் புழு விழுந்திருக்கிறது. நேற்றுக் காற்று அடித்தது. கிணற்றுப் பக்கத்து மரம் பாரம் தாங்காமல் கவட்டையில் பிளந்து, ஒரு பாதி தரையில் படுத்துவிட்டது. சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, "உங்கப்பா இருந்திருந்தா உன்னைய உரிச்சிருப்பாரு" என்றாள். பிறகு ஏனோ சிரித்தாள். அவர் போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

கட்டத் துணி தேடினேன். உன் நீலத் துண்டுகள் மக்கிப்போய், தொட்டால் உதிர்கின்றன. அலுவலகத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைக் கிழித்தேன். பிளந்த பாதியைத் தூக்கி நிறுத்தி, முட்டுக் கொடுத்து, இறுக்கிக் கட்டிவிட்டேன். பிழைக்குமா தெரியவில்லை.

இன்னொன்று. பட்டைக்குள் போன உன் துணியைப் பார்த்தேன். நானும் இழுத்துப் பார்த்தேன்.

அண்ணா


சித்தி வீடு,
செப்டம்பர் 20

அண்ணா,

எருமை. இதைவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியும், சித்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதனால் எழுதவில்லை.

யோசிக்க ஒன்றுமில்லை என்று எழுதினேனா இல்லையா? யோசித்திருக்கிறாய். காய் காய்தான் அண்ணா. அது நீயும் இல்லை, நானும் இல்லை. அதற்கு அழத் தெரியாது, பள்ளிக்கூடம் தெரியாது. கிள்ளினால் மரத்துக்கு நல்லது, அவ்வளவுதான். அப்பா காயைக் கிள்ளியதில் ஒரு தப்பும் இல்லை. அவரை மாதிரிக் கிள்ள இனி ஒருவர் வரப்போவதில்லை. பிள்ளைகளைக் காய் மாதிரிப் பார்த்தாரே, அதுதான் தப்பு. நீ காயைப் பிள்ளைகள் மாதிரிப் பார்த்திருக்கிறாய். அவர் செய்ததில் வீடு பிளந்தது, நீ செய்ததில் மரம் பிளந்தது. இரண்டு பேரையும் ஒரு பெட்டியில் போட்டு ஆணி அடிக்க வேண்டும்.

நாளைக் காலையிலேயே ஆரம்பி. புழு துளைத்த காயை எல்லாம் பறித்துக் குழியில் போட்டு மூடு, மரத்தடியில் விடாதே. ஒட்டியிருப்பதில் சின்னதை எடு. இப்போது எடுத்தாலும் மற்றது கொஞ்சம் தேறும். அம்மா சொன்னால் கேள். அவள் பேசாமல் இருந்தாலும் அத்தனை வருடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கணக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும் என்று நேற்று வகுப்பில் நானே எழுந்து போய்ப் பலகையில் போட்டேன். அழுத்தி எழுதினேன். சாக்குக்கட்டி உடைந்தது. இங்கே எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள், அக்கா என்கிறார்கள். "அக்கா, உங்க கைல என்ன இவ்வளவு கீறல், பூனை வளக்குறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமா, தோட்டம் நிறைய" என்றேன். அவள் நம்பிவிட்டாள்.

நேற்று கடைத்தெருவில் ஒரு தள்ளுவண்டியில் மாதுளை. என் கை தானாகப் போய் ஒன்றைச் சுண்டிவிட்டது. மொத்தென்று சத்தம். ஆகவில்லை. வண்டிக்காரரிடம் "இது இன்னும் ஆகல" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "எங்கப்பா..." என்று ஆரம்பித்தேன். நடுத்தெருவில் நின்று அழுதேன். செத்த அன்று அழாததெல்லாம் அங்கே வந்தது. அழுது முடித்ததும் அவர்மேல் மறுபடி கோபம் வந்தது, நடுத்தெருவில் அழ வைத்துவிட்டாரே என்று. கோபம் போகும் என்று தோன்றவில்லை. போகாவிட்டாலும் இருக்கட்டும். அவருடைய ஆள் நான்தான் என்பதற்கு அந்தக் கோபத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்னிடம்.

கிணற்றுப் பக்கத்து மரம் பிழைத்துவிடும். அப்பா இதைவிட மோசமாகப் பிளந்ததை எல்லாம் தூக்கி நிறுத்தியிருக்கிறார். பிளந்த வாயில் மண்ணைக் குழைத்து அப்பு, உன் கைக்கு மரம் பயப்படாது, பயப்பட்டால் பயப்பட்டுவிட்டுப் போகட்டும். சட்டையைக் கிழித்தது சரி. ஆனால் இறுக்கிக் கட்டினேன் என்கிறாய், அதுதான் தப்பு. அப்பா போட்ட முடிச்சு எல்லாமே அப்படித்தான், கத்தியால் அறுத்தால்தான் வரும். அதனால்தான் என் துணி பட்டைக்குள் போனது. இப்போதே போய் அவிழ். உள்ளே ஒரு விரல் நுழைகிற மாதிரி விட்டுக் கட்டு. இழுத்தால் வந்துவிடும் முடிச்சாகப் போடு.

காய் இறக்கியதும் அதை அவிழ்க்க மறந்துவிடாதே. நான் வந்து அவிழ்ப்பேன் என்று இருக்காதே. எனக்கு அப்போது பரீட்சை.

தங்கை